2147483647 (எண்)

2147483647 என்பது பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண் ஆகும். இதனை 2³¹ − 1 எனவும் எழுதலாம். 2-இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1-ஐக் கழித்துப் பெறப்படும் பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படும். அவ்வரிசையில் இது எட்டாவது. இதனை 2³⁰ ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்னும் எட்டாவது செவ்விய எண் கிடைக்கும். அதாவது, அவ்வெண் தன்னை விடச் சிறிய தன் வகுத்திகள் அனைத்தின் கூட்டுத்தொகைக்குச் சமம்.

வரலாறு

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இத்தாலியக் கணிதவியலாளர் கட்டால்டி 1603 இல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்றார். அவற்றுள் 31 மட்டுமே சரி. அதனை நிறுவியவர் லியோனார்டு ஆய்லர். 1772 இல் வெளியான மடலொன்றில் அவர் இம்முடிவை அறிவித்தார். அப்போது அவர் பார்வையை ஏறக்குறைய முற்றிலும் இழந்திருந்தார்.

நிறுவல்

ஓர் எண் பகு எண் எனில், அதன் வர்க்கமூலத்தை விடப் பெரிதல்லாத பகா வகுத்தி ஒன்று அதற்கு இருக்கும். இங்கு அவ்வெல்லை 46340. அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாலும் கையால் வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆய்லர் அவ்வேலையைச் சுருக்கினார்.

க என்னும் பகா எண் 2³¹ − 1 ஐ வகுப்பதாகக் கொள்வோம். அப்போது 2³¹ ஐ க-வால் வகுத்தால் மீதி 1. பெர்மாவின் சிறிய தேற்றப்படி, 2-இன் (க − 1) ஆம் அடுக்கும் மீதி 1 தரும். மீதி 1 தரும் மிகச்சிறிய அடுக்கு 31, க − 1 ஆகிய இரண்டையும் வகுக்க வேண்டும். 31 பகா எண் ஆதலால் அந்த அடுக்கு 31 தான். எனவே க − 1 ஆனது 31-இன் மடங்கு. க ஒற்றை எண் ஆதலால் 62-இன் மடங்கு. மேலும் 2³² = (2¹⁶)² என்பது க-வால் வகுக்க மீதி 2 தருகிறது. அதாவது 2 ஓர் இருபடி எச்சம். ஆகவே க-வை 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகும். இரண்டையும் சேர்த்தால், க-வை 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர இயலும்.

இந்நிபந்தனைக்கு உட்பட்டுச் சோதிக்க வேண்டியவை 372 எண்களே; அவற்றிலுள்ள பகு எண்களை நீக்கினால் மேலும் குறையும். எதுவும் வகுக்கவில்லை.

1811 இல் பீட்டர் பார்லோ, இதிலிருந்து கிடைக்கும் செவ்விய எண்ணை விடப் பெரியது எக்காலத்தும் கண்டறியப்படாது என எழுதினார். பயனற்ற ஒன்றைத் தேட யாரும் முயலமாட்டார்கள் என்பது அவர் கருத்து. 1876 இல் எடுவார்டு லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவினார்.

கணினியியலில்

குறியுடைய 32-பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு இதுவே. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இவ்வாறு எண்ணும் கணினிகளில் 2038 சனவரி 19, 03:14:07 (ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம்) உடன் எண்ணிக்கை நிரம்பிவிடும். இதற்கும் பகாத்தன்மைக்கும் தொடர்பில்லை; 16-பிட் உச்ச மதிப்பான 32767 (= 7 × 31 × 151) பகு எண்ணே. மாறாக, 1988 இல் பார்க், மில்லர் ஆகியோர் பரிந்துரைத்த சமவாய்ப்பு எண் உருவாக்கிக்குப் பகாத்தன்மை இன்றியமையாதது. அதில் முந்தைய எண்ணை 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வர். வகுக்கும் எண் பகா எண் ஆகவும், 16807 அதன் முதன்மை மூலமாகவும் இருப்பதால், 1 முதல் 2147483646 வரையான எல்லா எண்களும் ஒருமுறை வந்த பின்னரே வரிசை திரும்பும்.