சிறுதேரும் சரக்குப் பெட்டியும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் ஆண்மகவின் பருவங்கள் பத்தனுள் இறுதியாகச் சிறுதேர் உருட்டலை வைத்தனர். பட்டினப்பாலை, கடற்கரைப் பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாது உருட்டிய மூன்று காற் சிறுதேரைக் கூறுகின்றது. பெரியோர் ஏறிச் செல்லும் ஊர்தியைச் சிறிதாக்கிக் கையில் அடக்கிக் காணும் வேட்கை தமிழருக்குப் புதியதன்று. கீழ்க்கரையின் மணல் ஒழுங்கைகளிற் பனங்காய் இரண்டைக் கோலிற் கோத்து வண்டில் உருட்டிய சிறுவரும் அவ்வேட்கையின் வழிவந்தோரே ஆவர்.

ஆயினும் விளையாட்டுப் பொருள் வேறு, மாதிரியுரு வேறு. பனங்காய் வண்டில் பெரிய வண்டிலை நினைவூட்டினாற் போதும். அதன் சக்கரம் எத்துணை அங்குலம் என எவரும் வினவார். மாதிரியுருவோ அளவுக்குக் கட்டுப்பட்டது. மூலப் பொருளின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்திற் சுருங்கி அதன்கண் இடம்பெறல் வேண்டும். தாளம் என்னும் முக அளவை அலகாகக் கொண்டு சிற்பியர் திருவுருவங்களின் உறுப்புக்களை வகுத்தாற்போல, இங்கும் ஓரளவே எல்லா உறுப்புக்களையும் ஆளும். இவ்வகை மாதிரியுருக்களுள், புகையிரதச் சரக்குப் பெட்டியை ஆயத்த உறுப்புக்களால் ஒட்டாது, வெறுந் தகட்டிலும் மட்டையிலும் இருந்து ஆக்கும் கலை ஒன்றுண்டு. அதன் இயல்பும், இலங்கையின் கிழக்குக் கரையில் அஃது ஏன் பொருளுடைத்து என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

அளவும் பாதையும்

மாதிரிப் புகையிரதத் துறையில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். அளவுத்திட்டம் என்பது மூலத்துக்கும் மாதிரிக்கும் உள்ள விகிதம். பாதை அகலம் என்பது தண்டவாளம் இரண்டின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரம். செருமனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் விளையாட்டுப் புகையிரதப் பாதைகளின் அகலங்களுக்கு எண்ணிட்டு ஒழுங்கு செய்தது. 1922 அளவிற் பிங் என்னும் செருமானிய நிறுவனம் மேசைமேல் ஓடத்தக்க சிறு புகையிரதங்களை விற்கத் தொடங்கியது. அவற்றின் பாதை அகலமாகிய 16.5 மில்லிமீற்றரே இன்றுவரை உலகிற் பெருவழக்காய் உள்ளது. 1960களில் அதனினும் சிறிய 9 மில்லிமீற்றர்ப் பாதையும் வழக்கிற்கு வந்தது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்கான பாதை 1435 மில்லிமீற்றர் அகலமுடையது. அதனை 87ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீற்றர் கிடைக்கும். இவ்விகிதம் எச்.ஓ. எனப்படும். இங்கிலாந்திலோ ஒரு முரண்பாடு நேர்ந்தது. அந்நாட்டு எஞ்சின்கள் உருவிற் சிறியன. அக்காலத்து மின்னோடி 87இல் ஒரு பங்கான எஞ்சினுள் அடங்கவில்லை. ஆகவே பாதையை அவ்வாறே விட்டு, வண்டியை மட்டும் அடிக்கு 4 மில்லிமீற்றராக, அஃதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்காக, ஆக்கினர். டபிள் ஓ எனப்படும் இவ்வளவில் ஓடும் வண்டி தன் பாதையினும் பெரிதாகவே இன்றும் உள்ளது.

இலங்கையின் நிலை இதற்கும் வேறானது. இங்கு முதற் புகையிரதம் 1864 திசெம்பரிற் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை ஓடியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற் சேர்ப்பதே அதன் தலையாய நோக்கம். பயணிகளினும் சரக்கே அப்பாதைக்குக் காரணம் எனலாம். அன்று தேர்ந்த அகலம் 5 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் கணக்கில் அது சரியாக 22 மில்லிமீற்றர் ஆகும்; எச்.ஓ. அளவிற் பத்தொன்பதேகால் மில்லிமீற்றர் ஆகும். கடையில் விற்கும் 16.5 மில்லிமீற்றர்ப் பாதைக்கும் சக்கரத்துக்கும் இவ்விரண்டும் பொருந்தா. பிறநாட்டுப் பெட்டிக்கு இலங்கை வண்ணம் பூசினால் அது வேடமேயன்றி மாதிரியுரு ஆகாது. எனவே இலங்கைச் சரக்குப் பெட்டியை அளவு வழுவாது காண விரும்புவோர் அதனைத் தம் கையால் ஆக்குதலே வழி.

அளத்தல்

தம்பிலுவில் வாழ்வோர் புகையிரதத்தைக் காண விரும்பின் அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய ஊர்களைக் கடந்து மட்டக்களப்பிற்குச் செல்லல் வேண்டும். மட்டக்களப்புப் பாதை 1928இற் திறக்கப்பட்டது. கரையோரமாகத் தெற்கே அது நீளவில்லை. நாள்தோறும் காணாத பொருளை நினைவிலிருந்து ஆக்க முற்படுவோர்க்குக் குறிப்பேடே துணை. ஆதலால் இக்கலையின் முதற்படி வெட்டுதலன்று, அளத்தலாகும்.

புகையிரத வளாகத்துள் நுழைவதற்கு நிலைய அதிபரின் அனுமதி பெறல் வேண்டும். பெட்டியின் நீளம், அகலம், உயரம், அச்சு இரண்டின் இடைத்தூரம், சக்கரத்தின் விட்டம் ஆகியவற்றை முதலில் அளந்து குறித்தல் நன்று. பின்னர்ப் பலகைகளை எண்ணி, கதவின் அகலத்தையும், மூலை இரும்பின் அளவையும், தறையாணிகளின் வரிசையையும் குறித்தல் வேண்டும். எட்டாத உயரத்தை அறிய, அடி குறித்த கோலொன்றைப் பெட்டியோடு சார்த்தி நேரே நின்று படம் பிடித்தாற் போதும். படத்திலுள்ள கோலே ஏனைய அளவுகளைக் கூறிவிடும். பெட்டியின் இலக்கம், அளந்த இடம், நாள் என்பன குறிப்பேட்டில் இடம்பெறாவிடின், அவ்வளவுகள் எப்பெட்டிக்கு உரியன என்பதைப் பின்னர் எவராலும் அறிய முடியாது.

அளவுகளைச் சுருக்குதல் எளிது. எடுத்துக்காட்டாகப் பெட்டி 16 அடி நீளமாயின் மாதிரியில் 64 மில்லிமீற்றர். சக்கரம் 3 அடியாயின் 12 மில்லிமீற்றர். ஓர் அங்குலம் என்பது மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கு.

ஆக்கல்

முற்காலத்திற் கனத்த கடதாசி மட்டையும் மெல்லிய மரத்தகடும் பித்தளையும் பயன்பட்டன. இக்காலத்திற் பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்டிக் தகடு பெரிதும் கையாளப்படுகின்றது. அதனைக் கூரிய கத்தியாற் கீறி வளைத்தாற் கீறிய வழியே ஒடியும். அதற்குரிய திரவத்தைத் தூரிகையால் இட்டால் இரு விளிம்புகளும் இளகி ஒன்றாகும். மட்டை கொண்டு ஆக்குவோர் வெட்டிய விளிம்புகளுக்குச் செலாக் பூசினால் ஈரம் ஏறாது. கடற்காற்று வீசும் ஊர்களில் இது தவிர்க்கத்தகாதது. கத்தி, உருக்கு அளவுகோல், மூலைமட்டம், சிறு அரம், சாமணம் என்பவை கருவிகளாய் அமையும்.

சுவர் நான்கையும் தட்டையாகக் கிடத்தியே பலகைக் கோடுகளைக் கீறி, கதவும் சட்டங்களும் ஒட்டி முடித்தல் வேண்டும்; எழுப்பி நிறுத்திய பின் கீறினாற் கோடு கோணும். தறையாணித் தலைகளை ஆக்க, மெல்லிய தகட்டின் பின்புறத்தை மழுங்கிய ஊசியால் அழுத்துவர். முன்புறத்தில் அவை புள்ளியாய்ப் புடைக்கும். சுவர்களை மூலைமட்டத்தோடு சார்த்தி இணைத்து, வளைந்த கூரையை இறுதியில் ஏற்றுவர். சக்கரமும் கொளுவியும் கடையிற் பெறப்படினும் குற்றமன்று. 1935இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கமும் கைவினைத் தகுதியை மதிப்பிடும்போது இவற்றுக்கு விலக்களித்துள்ளது. இலங்கைப் பாதைக்கு அச்சக்கரங்களைக் கழற்றி நீண்ட அச்சிற் பொருத்துதல் மட்டும் வேண்டும்.

அடிப்பகுதியே ஆக்குவோன் அறிவைச் சோதிப்பது. பெட்டியின் கீழே தொங்கும் உருளை யாது என அறியாதவன் அதனை ஏதோவொரு மூலையில் ஒட்டிவிடுவான். அது வெற்றிடத் தடையின் உருளை ஆகும். எஞ்சின் இக்குழாய்த் தொடரிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடம் பேணுமளவும் தடைக்கட்டைகள் சக்கரத்தைத் தொடா. ஓட்டுநர் காற்றை உட்புகவிட்டாலோ, பெட்டிகள் அறுந்து குழாய் பிரிந்தாலோ, புகுந்த காற்றின் அழுத்தம் உருளையினுள் முசலத்தைத் தள்ளித் தடையை இறுக்கும். பழுது நேரின் வண்டி தானே நிற்கும் என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. இதனை உணர்ந்தவன் உருளையிலிருந்து தண்டு எத்திசையில் இழுக்கும், தடைக்கட்டை சக்கரத்தின் எப்பக்கத்தே அமையும் என்பதைத் தானே வகுத்துக்கொள்வான். காரணம் அறிந்த கைக்கு இடம் தவறாது.

நான்கு சக்கரப் பெட்டிக்கு மற்றோர் இடருண்டு. நான்கு கால் மேசை மேடு பள்ளத்தில் ஆடுவது போல, இறுகப் பொருத்திய நான்கு சக்கரங்களுள் ஒன்று சமமற்ற பாதையில் அந்தரத்தில் நிற்கும். பெட்டி தடம் புரளும். மூலப் பெட்டியிற் பட்டை விற்கள் இதனைத் தீர்க்கின்றன. மாதிரியில் ஓர் அச்சை இறுகப் பொருத்தி, மற்றதைப் பெட்டியின் நடுக்கோட்டில் அமைந்த கம்பியொன்றிற் சாய்ந்தாடுமாறு விடுவர். அப்போது பெட்டி, இறுகிய அச்சின் சக்கரம் இரண்டும் நடுக்கம்பி ஒன்றுமாக மூன்று இடங்களிலேயே தங்கும். சக்கரங்கள் நான்கும் தண்டவாளத்தை விட்டு நீங்கா. முக்காலி ஆடாது. மூன்று காற் சிறுதேர் எவ்வகை நிலத்திலும் நிலைத்து நின்றமைக்கும் இதுவே காரணமாதல் வேண்டும்.

சுருங்காதன

நீளம் சுருங்குவது போல எல்லாம் சுருங்குவதில்லை. எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தாற் குறையும். 10 தொன் நிறையுள்ள பெட்டியை 76இன் மும்மடியாகிய 438,976ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23 கிராமே எஞ்சும். அத்துணை இலேசான பெட்டி வளைவுகளிற் சாய்ந்துவிடும். மேற்கூறிய அமெரிக்கச் சங்கம் எச்.ஓ. பெட்டிகளுக்கு ஓர் அவுன்சோடு நீளத்தின் அங்குலந்தோறும் அரை அவுன்ஸ் சேர்க்குமாறு பரிந்துரைக்கின்றது. அக்கணக்கில் 64 மில்லிமீற்றர்ப் பெட்டிக்கு ஏறத்தாழ 64 கிராம் வேண்டும். ஆகவே தளத்தின்மேல் உலோகத் துண்டுகளை மறைத்து வைப்பர்.

தடிப்பும் அவ்வாறே. 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு மாதிரியில் 0.04 மில்லிமீற்றராகும், எழுதுதாளினும் அது மெல்லியது. அத்தகட்டால் ஆக்கிய பெட்டி விரல் பட்டால் நசுங்கும். பலகைகளின் இடைவெளியும் அவ்விகிதத்திற் கீறப்படின் கண்ணுக்குப் புலனாகாது. எனவே தகட்டைச் சற்றுத் தடிப்பாக்கி, விளிம்பை மட்டும் அரத்தால் தேய்த்து மெலிதாகக் காட்டுவர். கோட்டைச் சற்று ஆழமாகக் கீறுவர். எதனை அளவுகோலிடம் விடுவது, எதனைக் கண்ணிடம் விடுவது என்று தெளிதலே இக்கலையின் முதிர்ச்சி.

வண்ணமும் அத்தகையதே. புதிதாய்ப் பூசிய நிறம் மாதிரியை விளையாட்டுப் பொருளாக்கும். அமெரிக்காவின் மொன்ரெறே நகரில் வாழ்ந்த ஜோன் அலன் துருவும் தூசியும் படிந்த நிலையிலே தம் வண்டிகளைக் காட்டிப் புகழ்பெற்றார். மழைநீர் வடியும் வழி, கதவு உராயும் இடம், தடைக்கட்டைத் தூள் படியும் அடிப்பகுதி என ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டு நிறமிடுதல் வேண்டும்; காரணமில்லாத கறை அழுக்கேயன்றிப் பழமையன்று.

எஞ்சுவது

ஜோன் அலன் 1973இல் மறைந்தார். அவர் பல்லாண்டு உழைத்து அமைத்த மாதிரிப் புகையிரதப் பரப்பு அவர் இறந்த சில நாள்களுள் தீயால் அழிந்தது. அவர் எடுத்துவைத்த நிழற்படங்களே அதனை இன்றும் உலகிற்குக் காட்டுகின்றன. இங்கிலாந்தில் ரோய் இங்கிலண்ட் என்பார், தம் கண்முன் மாறிவந்த நாட்டுப்புறக் குடிசைகளை அளந்து, அடிக்கு 4 மில்லிமீற்றர் அளவில் மாதிரியாக்கும் பணியைத் தொடங்கினார். 1954இல் லோங் விற்றன்காம் என்னும் ஊரில் உருப்பெற்ற பென்டன் நூதனசாலை அப்பணியின் பயன். அழிவன யாவற்றையும் காத்தல் இயலாது. அளந்து வைத்தல் இயலும் என்பதை அவ்விருவர் வரலாறும் உணர்த்துகின்றன.

இலங்கையிலும் சரக்கு பெரும்பாலும் லொறிகளுக்கு மாறிவிட்டது. தொழில் இழந்த பழைய பெட்டிகள் பக்கப் பாதைகளில் துருவேறுகின்றன. பின்னர் இரும்பு விலைக்கு உடைபடுகின்றன. 2014இல் கடுகண்ணாவையில் திறக்கப்பெற்ற புகையிரத நூதனசாலை பழைய எஞ்சின்களையும் வண்டிகளையும் பேணுகின்றது. ஆயினும் நூதனசாலைக்குள் முதலிற் புகுவது எஞ்சினே. நெல்லும் உரமும் சுமந்த பெயரற்ற பெட்டியைப் படம் பிடிப்போரும் அரியர். அதனை அளந்தோர் இலராயின், உடைபட்ட பின் அது எவ்வாறிருந்தது எனக் கூறுதற்கு எவரும் இரார்.

ஒரு மாணவன் ஒரு நாட்பொழுதில் ஒரு பெட்டியை அளந்து குறிப்பெடுத்தல் இயலும். அதனைச் சில வாரங்களில் உள்ளங்கையில் அடங்கும் உருவாக ஆக்குதலும் இயலும். அம்முயற்சியிற் கணிதமும் பௌதிகமும் வரலாறும் கைத்தொழிலும் ஒருங்கே பயில்வன. மாதிரி கோணலாய் அமைந்தாலும் கவலையில்லை. குறிப்பேடு செவ்விதாய் இருந்தால் அடுத்தவன் அதைக்கொண்டு திருத்தமாக ஆக்குவான். சிறுதேர் உருட்டிய பருவம் கழிந்தோர்க்கும் அச்சிறுதேரால் ஆகும் பயன் இதுவாம்.