ஏரியலுக்கு முன் மின்கம்பியைப் பாருங்கள்

வானொலிப் பெட்டி வைத்திருக்கவே உரிமம் எடுத்து, அதற்கான கட்டணத்தை அஞ்சலகத்தில் கட்டிய காலம் ஒன்று இருந்தது. 1980-களில் அது ஒழிந்தது. வானொலி கேட்க இன்று யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். அதற்காக ஏரியல் கம்பத்தை நினைத்த இடத்தில் நட்டுவிடலாம் என்று ஆகிவிடாது. சிக்னல் கிடைக்கும் மூலையைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள்; முதலில் தேட வேண்டியது மின்கம்பியை. கம்பமும் ஏரியலும் சேர்ந்த நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி போனால் அந்த இடமே வேண்டாம். நட்டு முடித்த கம்பத்தைவிட நடும்போதுதான் ஆபத்து அதிகம். நிமிர்த்துகையில் கைநழுவும் ஐந்து மீட்டர் இரும்புக் குழாய் எந்தப் பக்கமும் சாயும்; தெருவில் போகும் 11,000 வோல்ட் கம்பிக்குப் பெரும்பாலும் உறை கிடையாது. மூங்கில்தானே என்ற தைரியமும் உதவாது: ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும், அதன் உச்சியில் இருப்பதோ உலோகம்.

உயரம் குறைந்தால் நிலையம் எடுக்காதே என்பார்கள். மலை மறைக்கும் ஊர்களுக்கு அது சரி. மற்றபடி பண்பலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் வருவது. கொடைக்கானல் 100.5 மலைமேலிருந்து ஒலிபரப்பாகிறது. இடையில் மறைப்பில்லாத சமவெளி வீட்டுக்கு, கைப்பிடிச் சுவருக்குச் சற்று மேலே 1.4 மீட்டர் நீள இருமுனை ஏரியலே பெரும்பாலும் போதும். மீடியம் வேவில் இரைச்சல் என்றால், பேட்டரியில் பாடும் ரேடியோவை வைத்துக்கொண்டு வீட்டின் மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி பெரும்பாலும் எல்.இ.டி. பல்போ சார்ஜரோதான்; கம்பத்தை உயர்த்துவதைவிட ஏரியலை வீட்டு வயரிங்கிலிருந்து விலக்குவதே பலன் தரும்.

எர்த் கொடுத்தால் மின்னலை இழுக்கும் என்ற அச்சமும் தவறு. நேரடி இடியை எர்த் தடுக்காதுதான். ஆனால் அருகில் விழும் இடியால் ஏரியலில் தூண்டப்படும் மின்னோட்டம் மண்ணுக்குப் போக அது வழிவிடும். கம்பத்தையும் கேபிளின் வெளிவலையையும் வீட்டு எர்த்தோடு எலக்ட்ரீஷியனைக் கொண்டு இணைக்க வேண்டும். இடி முழங்கும்போது கேபிளைத் தொடக் கூடாது. அடுக்குமாடியில் மொட்டை மாடி பொதுவாக எல்லோருக்கும் பொது. சங்கத்திடமும், வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குவது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும். கம்பம் மின்கம்பியில் விழுந்துவிட்டால் குச்சியால்கூடத் தள்ளாமல் விலகி நின்று, தமிழ்நாடு மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். அறுந்து கிடந்த மின்கம்பியால் ஒருவர் இறந்த வழக்கில், கவனக்குறைவு இல்லை என்று சொல்லி மின் வாரியம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. நாமே கொண்டுபோய்ச் சாய்த்த கம்பத்துக்கு அந்தத் தீர்ப்பின் துணையை எளிதில் நம்ப முடியாது. ஆகவே மாடியோரம் கம்பி தொய்ந்து போனால், ஏரியல் வாங்கும் முன்பே மின் வாரியத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.