பரங்கிமுகக் காகித விளக்குகள்

மேனாட்டார் பண்டிகைகளுள் ஹாலோவீன் என்பது ஒன்று. கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய இரவாகிய அக்டோபர் 31ஆம் நாள் அது கொண்டாடப்படுகிறது. அன்று வீட்டு வாயில்களில் பல்லை இளித்துக்கொண்டு ஒளிவிடும் பரங்கிக்காய் முகத்தை வாசகர்கள் படங்களிலேனும் பார்த்திருப்பர். சிங்கப்பூர், கோலாலம்பூர் பேரங்காடிகளிலும் இப்போது அக்டோபர் மாதத்தில் பிளாஸ்டிக்கில் செய்த அம்முகங்கள் தொங்குகின்றன. ஆனால் பிளாஸ்டிக் வருவதற்கு முன் அதே முகத்தைக் காகிதத்தில் செய்து விற்ற தொழில் ஒன்று இருந்தது. குழந்தைகள் ஓரிரவு விளையாடிவிட்டு எறிந்த அக்காகித விளக்குகளை இன்று அமெரிக்கர்கள் நூற்றுக்கணக்கான டாலரும், அரிய வகையாயின் ஆயிரக்கணக்கான டாலரும் கொடுத்து வாங்கிச் சேர்க்கின்றனர். பழையவை கிடைப்பது அரிதாகவே, அவற்றைப் போன்ற புது விளக்குகளைக் கையால் செய்வோரும் தோன்றியுள்ளனர். எது பழையது, எது புதியது, எது போலி என்ற வழக்கும் உடன் எழுந்துள்ளது.

தொடக்கத்தில் இவ்விளக்கு காகிதமும் அன்று, பரங்கிக்காயும் அன்று. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்தார் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தனர். டோனகால் வட்டாரத்துக் கிழங்கு முகம் ஒன்றின் சுதை வார்ப்பு அயர்லாந்தின் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. பரங்கிக்காயின் சிரிப்பு அதில் இல்லை, மெய்யான பேயின் களை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் மக்கள் அங்கே கிழங்கைவிடப் பெரியதும் குடைவதற்கு எளியதுமான பரங்கிக்காயைக் கண்டனர். (அக்காய் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. பரங்கியர் வழியாக அது நம்மிடம் வந்ததை அதன் தமிழ்ப் பெயரே காட்டிக் கொடுக்கிறது.)

குடைந்த பரங்கிக்காய் சில நாளில் அழுகிவிடும். குழந்தை தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கவும் முடியாது. இக்குறையைப் போக்கியவர்கள் ஜெர்மானியப் பொம்மைத் தொழிலாளர்கள். இதில் வேடிக்கை யாதெனில், அன்று ஜெர்மனியில் ஹாலோவீன் கொண்டாடும் வழக்கமே இல்லை. துரிங்கியா மாநிலத்துச் சோன்னபெர்க் போன்ற வட்டாரங்களில் குடும்பம் முழுவதும் வீட்டிலேயே அமர்ந்து பொம்மை செய்வது வழக்கம். அமெரிக்க வணிகர் கேட்டதை ஜெர்மானியர் செய்து அனுப்பினர். தாம் கண்டிராத பண்டிகைக்குத் தம் கற்பனையிலேயே முகம் கொடுத்தனர்: பூனை, பிசாசு, காய்கறித் தலை மனிதன் எனப் பலவகை. 1900ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 1930களின் இறுதி வரை வந்த இவ்விளக்குகளையே சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர்.

இவை செய்யப்படும் முறை, கொலு பொம்மை செய்வோருக்குப் புதிதன்று. காகிதக் கூழுடன் பசையும் சுண்ணக்கட்டித் தூளும் பிசைந்து அச்சில் அழுத்துவர். முன்பாதி, பின்பாதி என இரண்டும் காய்ந்தபின் ஒட்டுவர். மேலே வச்சிரமும் சுண்ணத்தூளும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம், அதன்மேல் வார்னிஷ். தலையில் கைப்பிடிக் கம்பி, அடியில் மெழுகுவர்த்தி நிற்க ஒரு சிறு தகரக் குழி அல்லது கம்பிச் சுருள். ஆனால் விளக்கின் உயிர் இவற்றில் எதிலும் இல்லை, கண்ணிலும் வாயிலும் இருக்கிறது. வெட்டிய துளைகளின் பின்னால் விழியும் பல்லும் அச்சிட்ட மெல்லிய தாளை ஒட்டியிருப்பர். சுடர் எரியும்போது அத்தாள் ஒளிபெற்று, விழி உருள்வதுபோல் தோன்றும். முதலில் கருகுவதும் கிழிவதும் அத்தாளே. ஆகவே கண்தாள் கெடாத விளக்குக்கு ஒரு விலை, மாற்றுத்தாள் ஒட்டியதற்கு மிகக் குறைந்த வேறு விலை. காகிதத்துக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிக் குழந்தை கையில் கொடுத்தால் எத்தனை விளக்கு தப்பும்? அவை அரியனவாகிவிட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் ஜெர்மானியச் சரக்கை நிறுத்திவிட்டது. பஃபலோ நகரில் பெட்டி செய்துவந்த எஃப். என். பர்ட் கம்பெனி போன்ற அமெரிக்க நிறுவனங்களின் விளக்குகள் அவ்விடத்தைப் பிடித்தன. முட்டை அடுக்கும் அட்டையைப் போன்ற கரடுமுரடான கூழில் வார்த்தவை அவை. அழகில் ஜெர்மானிய வேலைக்கு ஒரு படி குறைவே. ஆயினும் அமெரிக்கக் கிழவர்கள் பலருக்குத் தம் இளமையை நினைவூட்டுவது அந்தச் சொரசொரத்த முகந்தான். 1950களில் பிளாஸ்டிக் வந்தது; காகிதத் தொழில் அடங்கியது.

இன்றைய கைவினைஞர் களிமண்ணில் முகம் வனைந்து, சுதையில் அச்செடுத்து, பழைய முறையிலேயே கூழை அழுத்துகின்றனர். உப்புத்தாள் தேய்த்து வண்ணம் பூசியபின் பழுப்பு மையைத் தடவித் துடைப்பர். பள்ளங்களில் மை தங்கி, எண்பதாண்டு அழுக்கு ஏறியதுபோல் ஆகிவிடும். ஒரு விளக்குக்குப் பல நாள் உழைப்பு. இதைக் குறைகூற ஒன்றுமில்லை. பழைய முகத்தைப் பார்த்துச் செய்வது எல்லாக் கலையிலும் உள்ளதே. பென்சில்வேனியாவின் ஷிப்பன்ஸ்பர்க் நகரத்துப் பைஸ்டில் கம்பெனி, தான் முன்பு வெளியிட்ட அட்டை அலங்காரங்களைத் தானே மீண்டும் அச்சிட்டு விற்கிறது. தொல்லை எங்கே வருகிறதென்றால், விளக்கின் அடியில் செய்தவர் பெயரும் ஆண்டும் இல்லாதபோதுதான். பெயருள்ள விளக்கு ஒருவருடைய படைப்பு. பெயரைச் சுரண்டிவிட்டால், இரண்டு கை மாறுவதற்குள் அது ‘பழைய ஜெர்மானிய விளக்கு’ ஆகிவிடுகிறது. வாங்குவோன் பணத்தை இழக்கிறான். செய்தவனோ தன் உழைப்புக்கு உரிய பெயரை இழக்கிறான். பின்னதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கண்டுபிடிக்கும் வழிகள் சில உண்டு. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் வேண்டும் என்றது. பழைய விளக்கின் அடியில் ‘ஜெர்மனி’ என்ற முத்திரை இருப்பது இதனால்தான். ஆனால் முத்திரை குத்துவது எவர்க்கும் எளிது. அதை மட்டும் நம்புவது பேதைமை. புகைக்கரியைப் பார்க்கலாம்: மெய்யாக எரிந்த விளக்கில் கரி, சுடருக்கு நேர்மேலே உள்முகட்டில் படியும், பூசிய கரி எங்கும் ஒரே சீராக இருக்கும். கண்தாளைப் புற ஊதா ஒளியில் காட்டுவது இன்னொரு சோதனை. காகிதத்தை வெளுப்பாக்கும் சில இரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயின. அவை கலந்த தாள் அவ்வொளியில் நீலமாகப் பளிச்சிடும். பளிச்சிட்டால் அத்தாள் புதியது. பளிச்சிடாவிட்டால் பழையது என்று துணிந்துவிட முடியாது. பழைய கணக்கேட்டின் வெற்றுத்தாளைக் கிழித்து ஒட்டும் சூழ்ச்சிக்காரருக்கு இச்சோதனையும் தெரியும். அன்றியும், பழைய விளக்கிலேயே பின்னாளில் கண்தாளை மட்டும் மாற்றியிருக்கலாம்.

பழைய விளக்குகளை இப்போது எவரும் ஏற்றுவதில்லை. கண்ணாடி அலமாரிக்குள் வெயில் படாமல் வைத்திருக்கின்றனர். அக்டோபர் 31ஆம் நாள் இரவு தாழ்வாரத்தில் தொங்குவது, வயிற்றுக்குள் பேட்டரி விளக்கு எரியும் புதியதுதான்.