பிள்ளை வளரும் வீடு – 7: மூத்தம்மாவின் முற்றம்

ஏணைச் சீலையைப் பற்றியும் நாற்பது நாள் பத்தியத்தைப் பற்றியும் முந்திய வாரங்களில் எழுதியாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும்.

கைப்பிள்ளை வந்த வீட்டில் மூத்தது படும் பாட்டை, அதன் கிள்ளலையும் கடியையும், இந்த வாரம் சொல்வதாக இருந்தது. அதற்காகப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஒரு செய்தி கைக்கு வந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறொன்றை எழுத மனம் வரவில்லை.

காம்பியா, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சின்ன நாடு. அங்கே கெனெபா என்ற கிராமத்திலும் அதன் அயலூர்களிலும் இயன் மக்கிரெகர் என்ற பிரித்தானிய மருத்துவர் 1950 முதல் பிறப்பையும் இறப்பையும் விடாமல் பதிந்துவந்தார். பிள்ளைகளை நிறுத்து, உயரம் அளந்து எழுதிவைத்தார். வைத்தியசாலை எட்டாத காலம். பிறந்த பிள்ளைகளில் பெரும் பங்கு ஐந்து வயதைக் காணாத ஊர்கள். 1974 வரையான அந்தப் பதிவுகளை ரெபேக்கா சியர், ரூத் மேஸ் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் பிறகு கையில் எடுத்தார்கள். முதல் முடிவுகளை 2000ஆம் ஆண்டில் மக்கிரெகரோடு சேர்ந்தே வெளியிட்டார்கள். உறவில் யார் உயிரோடு இருந்தால் பிள்ளை பிழைக்கிறது என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

உம்மா இருக்க வேண்டும், அது தெரிந்ததே. வாப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பிள்ளை பிழைப்பதில் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. வாப்பாவின் தாய் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் உம்மாவின் தாய் உயிரோடு இருந்த பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள், அவர்களின் நிறையும் கூடியிருந்தது. அக்கா ஒருத்தி இருந்தாலும் நல்லது நடந்தது.

என்னை எழுந்து உட்காரவைத்தது இதற்கு அடுத்த வரி. உம்மாவின் தாயால் வந்த அந்த நன்மை மடியில் கிடக்கும் கைப்பிள்ளையிடம் தெரியவில்லை. பால் மறந்து, நடை பழகி, கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளையிடம்தான் தெரிந்தது. முலைப்பால் இருக்கும்வரை உம்மா ஒருத்தியே போதும். அடுத்தது வயிற்றில் வந்து பால் நின்ற பிறகு மூத்ததுக்கு ஒரு கவளம் ஊட்டவும், காய்ச்சலில் தோளில் போட்டு நடக்கவும் இன்னொரு பெண் வேண்டும். அந்த இடத்தில் மூத்தம்மா வந்து நிற்கிறார். அதுவும் அந்தக் கிராமங்களில் பெண் கலியாணம் முடித்துக் கணவன் வளவுக்குப் போய்விடுவாள்; அவளுடைய தாய் இருப்பது வேறு வளவில். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டே அந்தக் கிழவிகள் பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

என் உம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். என் மூத்தவனுக்குக் கீரிமீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “மாமிய மட்டம் தட்டுற மாதிரி எழுதிராத மகள். அவவும் கிழமைக்கு ரெண்டு தரம் இந்தப் புள்ளையளுக்குத்தான் ஓடி வாறா.” உண்மைதான். வாப்பும்மா வந்தால் இந்த வீட்டில் விருந்தாளி. கைகழுவி, பிள்ளையைத் தூக்கி, ஓதி ஊதிவிட்டு, வாங்கி வந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு மஃரிபுக்கு முன் கிளம்பிவிடுவார். அவருடைய அன்பில் குறையில்லை. அவர் இருக்கும் வீடுதான் வேறு.

இனி இலங்கையின் கிழக்கில் நம் கரைக்கு வருகிறேன். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். மூத்த மகளுக்கு இருக்கும் வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் கலியாணமாகாத பிள்ளைகளோடு பின் வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். அடுத்தவளுக்குக் கலியாணம் வந்தால் மறுபடி இடமாற்றம். இப்படி ஒரே வளவில் மூன்று நான்கு சகோதரிகளின் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். இடையில் மதில் கட்டினாலும் ஆள் புகும் அளவுக்கு ஒரு கடப்பு விட்டே கட்டுவார்கள். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, அதற்குப் பிறகு பல தடவை திரும்பி வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய பெரிய நூல் 2008இல் வெளிவந்தது. தாய்வழிக் குடி முறையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இந்தக் கரையின் முஸ்லிம்களுக்கும் தமிழ் இந்துக்களுக்கும் பொதுவானவை என்பதை அவர் எழுத்தில் பார்க்கலாம்.

சட்டம் இதற்குக் குறுக்கே வரவில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் மரணத்துக்குப் பின் சொத்து எப்படிப் பிரிய வேண்டும் என்று சொல்கிறது. அதன்படி மகனின் பங்கில் பாதி மகளுக்கு. ஆனால் இங்கே வீடு மரணம்வரை காத்திருப்பதில்லை. பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதியாக மகள் பேருக்குப் போய்விடுகிறது. மார்க்கத்துக்கு மாறில்லாமல், சட்டத்தோடு மோதாமல், நம் முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு இது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண் தாய் வீட்டிலேயே இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமாத்ராவின் மினாங்கபாவ் முஸ்லிம்களிடமும் வீடு பெண்வழிதான்.

இதையெல்லாம் சீதனக் கணக்கில்தான் பேசிப் பழகியிருக்கிறோம். பிள்ளை வளர்ப்பின் கணக்கில் பாருங்கள். காம்பியாவில் வேறொரு வளவிலிருந்து வந்த மூத்தம்மா இங்கே கடப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். விடியற்காலையில் கைப்பிள்ளை அழுது நான் பாலுக்கு எழும்பினால் மூத்தவனும் விழித்துவிடுவான். அந்த நேரம் பின்கதவைத் திறந்துவிட்டால் போதும், அவனே போய்விடுவான். அங்கே இடியப்பத்துக்கு மாப் பிழிகிற சத்தம் கேட்கும். சுபஹுத் தொழுகை முடித்து வந்த மூத்தாப்பா மடியில் இடம் இருக்கும். பெரியும்மா வீட்டில் அவன் வயதில் ஒருத்தி. சாச்சி வீட்டில் திரிபோஷாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருட்டி வைத்திருப்பார்கள். எங்கள் பகுதி மிட்வைஃப் நிறை பார்க்க வரும் நாளில் கைப்பிள்ளையை என் வீட்டிலும் மூத்தவனை உம்மா வீட்டிலும் தேடுவார். கிளினிக் கொப்பியில் விலாசம் ஒன்றுதான். பிள்ளை வளர்வது நாலு வீட்டில்.

மருதமுனையில் நான் பார்த்த ஒரு தறியையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே தறி, அதில் மூத்தம்மா நெய்துகொண்டிருக்கிறார். தறிக்காலில் ஒரு பிடவைத் துண்டு கட்டி, மறுமுனை தவழும் பேத்தியின் இடுப்பில். பிள்ளை அடுப்படிக்கும் போகாது, வாசலுக்கும் போகாது. மகள் உள்ளே கைப்பிள்ளையோடு கண்ணயர்ந்திருந்தாள். பிள்ளை இழுக்கும்போதெல்லாம் மூத்தம்மா காலால் துண்டைத் தளர்த்திக் கொடுப்பார். கை நாடாவை விடாது. பிள்ளை பார்ப்பதும் பிழைப்பும் ஒரே பெண்ணின் கையிலும் காலிலும் ஒரே நேரத்தில் நடந்தன. இந்த உழைப்புக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடம் இல்லை.

2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்த வளவுகளைத் தாக்கியது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கடல் எடுத்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். அக்கா தங்கை வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்ததால் கடலோரத்தில் ஒரே குடும்பத்தின் வீடுகள் எல்லாம் ஒன்றாகப் போயின. பின்னர் வீடுகள் வந்தன: கல்முனையில் கிரீன்பீல்ட் தொடர்மாடி, சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம், மருதமுனையில் 65 மீற்றர் வீட்டுத்திட்டம். கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் நிவாரண வீடுகளைப் பகிர்ந்தபோது படிவம் கேட்டது குடும்பத் தலைவரின் பெயரை. பெண் பேரில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, பதிலாக வந்த வீடு பல குடும்பங்களில் ஆண் பேரில் பதிவானது. அக்காவுக்கு ஒரு திட்டத்தில், தங்கைக்கு இன்னொன்றில் என்று வளவு சிதறியது. தொடர்மாடியில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்திக்கும் என்னைப் போலவே இரண்டு பிள்ளைகள். கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும்போது படிக்கட்டுக்குப் பயந்து கதவைத் தாழ்போட்டுவிடுகிறாள். மூத்தது கதவடியில் நின்று தட்டிக்கொண்டே இருக்கும். அவளுடைய உம்மா முச்சக்கர வண்டியில் வந்து போகும் தூரத்தில்.

இன்னொரு சிதறல் மெதுவாக நடக்கிறது. மகளுக்கு வீடு கட்ட வேண்டும், காணி இல்லை, மேற்கே வட்டைகளை மண் போட்டு நிரப்பிக் கட்டுகிறார்கள். கல் அடுக்கக் காசு வேண்டும். வாப்பா கட்டாருக்குப் போகிறார். போதாவிட்டால் உம்மாவும் குவைத்துக்கோ சவூதிக்கோ போகிறாள். 2013இல் வந்த விதியின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாதிருந்தது. நாடு நெருக்கடியில் கிடந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். அதாவது, காம்பியாக் கணக்கில் மூத்தம்மாவின் கை ஆகக் கூடுதலாக வேண்டியிருந்த வயதைத் தாண்டியதும் தாய் விமானம் ஏறலாம். பிள்ளை மூத்தம்மாவிடம். தாய் போவது, நாளை இதே பிள்ளை இருக்கப்போகும் வீட்டைக் கட்ட. நம் தாய்வழி வீட்டின் நல்லதும் கெட்டதும் இங்கே ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் நான் பேசுவேன்.

என் முடிவு இது: மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நிலைக்க வேண்டும், வீடு முடிந்தால்தான் நிக்காஹ், அதற்கு மேல் கைக்கூலி வேறு என்று மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போடுவது ஒழிய வேண்டும். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்கள் குத்பாவிலும் நிக்காஹ் பதிவிலும் இதை வலியுறுத்த முடியும். தூரத்தில் மாடிவீடு கட்ட ஆயுளை அடகு வைப்பதைவிட, இருக்கும் வளவிலேயே இரண்டு அறை ஒட்டிக் கட்டிக் கொடுப்பது பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் நல்லது. பிரதேச செயலகங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுத்திட்டம் எது வந்தாலும் உறுதியில் பெண்ணின் பெயரை எழுதுங்கள், சகோதரிகள் சேர்ந்து விண்ணப்பித்தால் பக்கத்துப் பக்கத்து வீடாகக் கொடுங்கள்.

மூத்தவனின் கிள்ளலும் கடியும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. உங்கள் வீட்டில் மூத்ததைப் பகலில் பார்ப்பது யார், அவர் இருப்பது எத்தனை வீடு தள்ளி என்று எழுதி அனுப்புங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

(தொடரும்)