வயோலாவுக்கு ஒரு வக்கீல்

வயலினைவிடச் சற்றே பெரிது, குரலும் கொஞ்சம் கனம், அதுதான் வயோலா. நூறு வருஷத்துக்கு முன்பு, வயலினில் தேறாதவர்கள் வாசிப்பது என்ற ஏளனம் அதற்கு உண்டு. அந்தப் பேச்சை மாற்றியவர் இங்கிலாந்தின் லயனல் டெர்டிஸ். பிறந்தது 1876 டிசம்பர் 29. செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸ் பிறந்ததும் அதே நாளில்தான்!

லண்டன் ராயல் அகாடமியில் வயலின் படித்துக்கொண்டிருந்தவர், நால்வர் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டதால் வயோலாவை எடுத்தார். பிறகு கீழே வைக்கவேயில்லை. தனியாக வாசிக்க உருப்படிகள் குறைவு. இசையமைப்பாளர்களை எழுத வைத்தார். இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவையே (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) வயோலாவுக்கு மாற்றி வாசித்தார். ஆனால் பாருங்கள், இளைஞர் வில்லியம் வால்டன் தந்த கான்செர்ட்டோவை, ரொம்பப் புதுமாதிரி என்று திருப்பி அனுப்பிவிட்டார்! 1929இல் லண்டனில் அதை முதலில் வாசித்தவர் ஜெர்மானியரான பால் ஹிண்டெமித். கேட்ட டெர்டிஸ் மனம் மாறி, பின்னாளில் தாமே அதை வாசித்தார்.

வாத நோயால் 1937இல் மேடையை விட்டு விலகினார். சும்மா இருந்தாரா? வாத்தியம் செய்யும் ஆர்தர் ரிச்சர்ட்சனோடு சேர்ந்து, பதினாறே முக்கால் அங்குல உடல் நீளத்தில் புது வயோலா ஒன்றை வடிவமைத்தார். 'டெர்டிஸ் மாடல்' என்று அதற்குப் பெயர்.