செவிலியர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளி ஒரு நாளில் மருத்துவரைக் காண்பது சில நிமிடங்களே. எஞ்சிய நேரம் முழுவதும் அவர் செவிலியரின் பார்வையில்தான் இருக்கிறார். மருந்து கொடுப்பதும், நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து குறித்துவைப்பதும், நிலைமை மோசமாகத் தொடங்கும்போது அதை முதலில் கண்டுகொண்டு மருத்துவரை அழைப்பதும் செவிலியரே என்பதால், அப்பணியில் நேரும் பிழைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. பொதுமக்களில் பலரும், மருத்துவமனை நிர்வாகிகளில் சிலரும், மருத்துவர் சொன்னதைச் செய்து முடிக்கும் உதவியாளராகவே செவிலியரைக் கருதிவருகின்றனர். சட்டமும் தொழில்நெறியும் அந்தக் கருத்தைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் பொறுப்பைச் செவிலியரின் தோளில் ஏற்றிய வேகத்தில் அதற்கேற்ற அதிகாரமும் பாதுகாப்பும் வந்து சேரவில்லை என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

சட்டத்தின் பார்வையில் ஒருவரைச் செவிலியர் ஆக்குவது சீருடையோ அனுபவமோ அன்று. அரசு அங்கீகரித்த பதிவேட்டில் இடம்பெற்ற பெயரே. செவிலியர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டின் செவிலியர் மற்றும் மகப்பேற்றுத் தாதியர் சட்டம் இப்பதிவு முறையைக் கொண்டுவந்தது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மன்றம் அதன் வழியே வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே தரமான பாடத்திட்டமும் தகுதியும் வேண்டும் என்பதற்காக 1947இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. அதன் இடத்துக்குத் தேசிய ஆணையம் ஒன்றைக் கொண்டுவரும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் இயற்றியபோது, நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியம் ஒன்றும் அதில் இடம்பெற்றது.

பதிவு வெறும் அலுவலகச் சடங்கு அன்று என்பதை 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு காட்டுகிறது. டைபாய்டு காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு குழந்தைக்குக் குளோராம்பெனிகால் என்ற மருந்து எழுதப்பட்டிருக்க, மலேரியாவுக்குத் தரப்படும் குளோரோகுயின் ஊசி சிரை வழியாகச் செலுத்தப்பட்டது. குழந்தை அங்கேயே சுருண்டு விழுந்தது. மூளைக்கு ஏற்பட்ட சேதம் மீளாததாகிவிட்டது. ஊசி போட்டவர் எந்த மாநிலத்தின் செவிலியர் மன்றத்திலும் பதிவு பெறாதவர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும் பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சம் ரூபாயும் இழப்பீடாக வழங்கப்பட்டதை நீதிமன்றம் உறுதிசெய்தது. பணியாளரின் பிழைக்கு அவரைப் பணியில் அமர்த்தியவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கொள்கை இங்கே மருத்துவமனையைப் பிடித்தது. தகுதியற்றவரைக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளும் நிறுவனம், அந்தச் சிக்கனத்தின் விலையை நோயாளியின் தலையில் கட்டிவிட்டுத் தப்ப முடியாது என்பதே இதன் பொருள்.

தகுதி பெற்றவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்விக்குக் காலம் தந்த விடைகள் வேறுவேறானவை. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் 1893இல் உருவாக்கப்பட்டு, பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் இன்றும் பட்டமளிப்பு விழாக்களில் விளக்கேற்றிச் சொல்லப்படும் உறுதிமொழி, மருத்துவருக்கு விசுவாசமாக உதவுவதைச் செவிலியரின் கடமைகளில் ஒன்றாக வைத்தது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953இல் ஏற்றுக்கொண்ட முதல் நெறிமுறைத் தொகுப்பும் மருத்துவரின் ஆணைகளை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்ற வேண்டும் என்றே கூறியது. முறைகேடான செயல்களில் பங்கேற்க மறுக்கும் கடமையையும் உடன் சேர்த்திருந்தது. 1973இல் அத்தொகுப்பு திருத்தப்பட்டபோது மருத்துவருக்கான விசுவாசம் நீக்கப்பட்டு, பராமரிப்பு தேவைப்படும் மனிதர்களுக்கே செவிலியரின் முதன்மைப் பொறுப்பு என்று எழுதப்பட்டது. இந்திய செவிலியர் மன்றம் 2006இல் வெளியிட்ட நெறிமுறையும் இதே வழியில் நிற்கிறது. ஒரு தொழில் தன்னைத் தானே மறுவரையறை செய்துகொண்ட தருணம் அந்த 1973 திருத்தம்.

இம்மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங் 1966இல் வெளியிட்ட ஆய்வு, சற்றுத் திகைப்பூட்டும் வகையில் விளக்கிவிட்டது. முன்பின் அறியாத ஒருவர் தம்மை மருத்துவர் எனத் தொலைபேசியில் அறிமுகப்படுத்திக்கொண்டு, வார்டிலிருந்த ஒரு மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்குமாறு செவிலியரிடம் கூறினார். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று குப்பியிலேயே அச்சிடப்பட்டிருந்தது. தொலைபேசி வழி ஆணையை ஏற்கக் கூடாது என்ற விதியும் அந்த மருத்துவமனையில் இருந்தது. அப்படியிருந்தும் 22 செவிலியரில் 21 பேர் அம்மருந்தைக் கொடுக்கப் புறப்பட்டனர். வழியிலேயே அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். குப்பியில் இருந்தது தீங்கற்ற சர்க்கரைப் பொருள்தான். அறியாமையைக் காட்டிலும் பழகிப்போன கீழ்ப்படிதலே அந்த 21 பேரையும் நடத்திச் சென்றது என்று கொள்வதே பொருத்தம்.

இன்றைய சட்டத்தில், மருத்துவர் சொன்னார் என்பது செவிலியருக்கு முழுமையான தற்காப்பு ஆகாது. அளவு மிகுந்த மருந்து, நோயாளிக்கு ஒவ்வாது எனக் குறிப்பேட்டிலேயே எழுதப்பட்ட மருந்து, படித்துணர முடியாத கையெழுத்தில் உள்ள ஆணை ஆகிய எதுவாயினும் அதைக் கேள்வி கேட்பதும், திருப்தியான விடை கிடைக்கும்வரை நிறுத்திவைப்பதும், மேலதிகாரிக்குத் தெரிவிப்பதும் அவருடைய கடமைகளாகின்றன. கவனக்குறைவு என்பதைச் சட்டம் அளக்கும் முறையும் இதனோடு இணைந்ததே: நோயாளியிடம் கடமை இருந்ததா, அந்தக் கடமை மீறப்பட்டதா, அம்மீறலால் தீங்கு விளைந்ததா என்று மூன்று படிகளாக நீதிமன்றம் ஆராய்கிறது. அதே சூழலில் சாதாரணத் திறமை வாய்ந்த மற்றொரு செவிலியர் என்ன செய்திருப்பார் என்பதே அதன் அளவுகோல். 1957இல் இங்கிலாந்தில் தீர்ப்பான போலம் வழக்கிலிருந்து இந்த அளவுகோல் இந்தியாவுக்கு வந்தது. ஆக, உச்சத் திறமை கேட்கப்படவில்லை; சராசரிக்குக் கீழே போகக் கூடாது என்பதே எதிர்பார்ப்பு.

இழப்பீடு வேறு, குற்றத் தண்டனை வேறு. கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என 1995இல் உச்ச நீதிமன்றம் கூறிய பின் இழப்பீட்டு வழக்குகள் பெருகின. குற்ற வழக்குகளுக்கு 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு உயர்ந்த வேலி ஒன்றை இட்டது. லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்ட ஆக்சிஜன் உருளை காலியாக இருந்ததிலிருந்து பிறந்த வழக்கு அது. சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் குற்ற வழக்குத் தொடரலாம் என்றும், கைது செய்வதை வழக்கமான நடவடிக்கையாக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. மருத்துவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட வழிகாட்டுதல்கள் இவை.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையிலான வேறுபாட்டைச் சட்டத்தின் எழுத்திலேயே பதித்துவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர் யாராயினும் அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறைதான். புதிய சட்டத்தின் 106ஆவது பிரிவு அதை ஐந்தாண்டாக உயர்த்திவிட்டு, பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையளிக்கையில் நேர்ந்த மரணத்துக்கு மட்டும் இரண்டாண்டு என்று விலக்களித்தது. அந்த மருத்துவர் யார் என்பதற்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் பதிவேட்டையே சுட்டியது. செவிலியரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. ஒரே அறையில், ஒரே நோயாளியின் மரணத்துக்கு, ஒரே வகைக் கவனக்குறைவுக்காக இருவர் தண்டிக்கப்பட்டால் மருத்துவருக்கு இரண்டாண்டு, செவிலியருக்கு ஐந்தாண்டு என்பதே சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு. இதை நியாயப்படுத்தும் காரணம் எளிதில் புலப்படவில்லை.

பிழையைக் குற்றமாக்குவதன் பின்விளைவு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2017இல் அங்கே ஒரு செவிலியர், அமைதிப்படுத்தும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் வெக்யூரோனியம் என்ற மருந்தைத் தானியங்கி மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துச் செலுத்திவிட, நோயாளி இறந்தார். எச்சரிக்கைகள் பலவற்றை அவர் கவனிக்கத் தவறியது உண்மை. பிழையை உடனே தாமே ஒப்புக்கொண்டதும் உண்மை. 2022இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளியெனக் கண்டது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாயிற்று. ஒப்புக்கொள்வதே சிறைக்கு வழியாகுமானால் பிழைகள் மறைக்கப்படும், மறைக்கப்பட்ட பிழையிலிருந்து எந்த மருத்துவமனையும் பாடம் கற்காது என்று செவிலியர் அமைப்புகள் வாதிட்டன. அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

நோயாளியின் இரகசியம் காத்தல் மற்றொரு கூர்மையான கடமை. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. படுக்கையின் தலைமாட்டு அட்டையில் எல்லோரும் படிக்கும்படி நோயின் பெயரை எழுதுவதும், உறவினர் என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் வாய்தவறிச் சொல்வதும் அந்தத் தடையை மீறும் செயல்களே. இதற்கு நேர் எதிர்த்திசையில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. கருவுற்ற சிறுமியின் அடையாளத்தை, சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவலில் வெளியிட வேண்டியதில்லை என 2022இல் உச்ச நீதிமன்றம் தளர்வு தந்தது. அத்தளர்வும் பதிவுபெற்ற மருத்துவரைக் குறித்தே பேசுகிறது.

இந்தியச் சட்ட வரலாற்றில் செவிலியரின் குரல் வென்ற அரிய நிகழ்வு 2011இல் அருணா ஷான்பாக் வழக்கில் நேர்ந்தது. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அவர், 1973 நவம்பரில் அங்கே பணிபுரிந்த ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிப்புற்று, மீளா நிலையில் படுக்கையிலானார். உணவூட்டலை நிறுத்தி அவரை இறக்கவிட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி மனுச் செய்தபோது, தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பராமரித்துவந்த மருத்துவமனை ஊழியர்கள் அதை எதிர்த்தனர். அவருக்காக முடிவெடுக்கும் உரிமை உற்ற துணையாக நின்ற அந்த ஊழியர்களுக்கே உண்டு, மனுதாரருக்கு இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து மனுவைத் தள்ளியது; உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கும் முறையை, உயர் நீதிமன்றத்தின் அனுமதி என்ற நிபந்தனையோடு, அதே தீர்ப்பில் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. 2015 மே மாதம் நிமோனியாவால் இறக்கும்வரை அவர் அதே மருத்துவமனையில் இருந்தார். செவிலியர்கள் செய்தது சரியா என்பதில் இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு: மாண்புடன் இறக்கும் உரிமையை அவர்களின் பாசம் மறைத்துவிட்டது என்பாரும் உளர். ஆனால் அன்றாடப் பராமரிப்பு ஒருவருக்குச் சட்டப்பூர்வமான பேச்சுரிமையைத் தரும் என்ற கருத்து அங்கே பிறந்தது. பின்னாளில் அது வளரவில்லை. 2018இல் அரசியல் சாசன அமர்வு வகுத்து 2023இல் எளிமையாக்கிய நடைமுறையில், சிகிச்சையை விலக்குவது குறித்து ஆராயும் இரு வாரியங்களிலும் மருத்துவர்களே உள்ளனர். இரவெல்லாம் நோயாளியின் அருகிலிருக்கும் செவிலியருக்கு இடமில்லை.

இவ்வளவு கடமைகளையும் ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளுக்குச் செய்கிறார் என்பதில்தான் எல்லாம் வந்து முட்டுகிறது. இந்திய செவிலியர் மன்றத்தின் பரிந்துரை, கற்பித்தல் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்கிறது. கலிபோர்னியா மாநிலம் இத்தகைய விகிதத்தை 1999இல் சட்டமாக்கி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் அது பரிந்துரையாகவே நிற்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து 2016இல் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன நிபுணர் குழுவும், 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்ததோடு நின்றது. பல படுக்கைகளுக்கு ஒருவராய் இரவுப் பணி பார்ப்பவர் மணிக்கொருமுறை குறிக்க வேண்டிய அளவுகளைப் பணி முடியும் நேரத்தில் மொத்தமாக எழுதினால், நீதிமன்றத்தில் அந்தக் குறிப்பேடு அவருக்கே எதிரான சாட்சியாகிறது. செவிலியர் மன்றங்களின் ஒழுங்கு நடவடிக்கை பதிவேட்டிலுள்ள தனிமனிதரை நோக்கியே பாய்கிறது. அவரை அந்த வார்டில் தனியே நிறுத்திய பணிப்பட்டியலைத் தயாரித்த நிர்வாகத்தின் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை.