உங்களுக்குத் தெரியுமா? ஒரே டம்பெல், ஆளுக்கொரு பலன்!

● ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் புஜம் புடைப்பது ஏன்? 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 585 ஆண்களும் பெண்களும் 12 வாரம் ஒரே விதமான கைப்பயிற்சி செய்தார்கள். தசையின் அளவு ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது. இன்னொருவருக்கு 2 சதவீதம் குறைந்தது! வலிமையில் வேறுபாடு இன்னும் பெரிது: சிலருக்கு முன்னேற்றமே இல்லை, அதிகபட்சமாக ஏறியதோ 250 சதவீதம்.

● அதே ஆய்வில் தசைப் பெருக்கத்தில் ஆண்கள் சற்றே முந்தினார்கள். ஆனால், தொடங்கும்போது இருந்த வலிமையோடு ஒப்பிட்டால் அதிகம் முன்னேறியவர்கள் பெண்கள்தான்.

● முதல் சில வாரங்களில் கூடும் வலிமைக்குப் பெரும்பாலும் காரணம் தசை அல்ல, நரம்பு மண்டலம். அதிகத் தசை நார்களை ஒரே சமயத்தில் வேலைக்கு அழைக்க மூளை பழகிக்கொள்கிறது. எனவே, கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று முதல் மாதத்திலேயே நிறுத்திவிடாதீர்கள்.

● ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் சும்மா இருக்கும் மறு கைக்கும் ஓரளவு வலிமை கூடும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே இதைக் கண்டார்கள். ஒரு கையில் மாவுக்கட்டு போட்டிருப்பவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மறு கைக்குப் பயிற்சி தருவது வீண் போகாது.

● தசை நார்களை ஒட்டி ‘சாட்டிலைட் செல்கள்’ காத்திருக்கின்றன. தசை வளரும்போது இவை நாருடன் இணைந்து புதிய உட்கருக்களைத் தருகின்றன. 2008-ல் வெளியான அலபாமா பல்கலைக்கழக ஆய்வில் 66 பேர் 16 வாரம் கால் பயிற்சி செய்தார்கள். 17 பேருக்குத் தசை நார்கள் நன்கு பெருத்தன, 32 பேருக்கு மிதமாக, 17 பேருக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. நன்கு வளர்ந்தவர்களிடம் தொடக்கத்திலேயே இந்தச் செல்கள் கூடுதலாக இருந்தன.

● தசை அளவுமீறி வளராமல் தடுப்பது மயோஸ்டாட்டின் என்ற புரதம். 1997-ல் இதற்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்குத் தசை 2 முதல் 3 மடங்கு பெருத்தது. பெல்ஜியன் ப்ளூ மாடுகளின் திமிறும் உடற்கட்டுக்கும் இந்த மரபணுவில் உள்ள மாற்றமே காரணம். இதே மரபணுவில் மாற்றத்தோடு பிறந்த ஜெர்மன் குழந்தை ஒன்றைப் பற்றி 2004-ல் மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது.

● எலும்பும் தசைநாணும் கூட கணக்கில் வரும். முழங்கை மூட்டிலிருந்து சற்றே தள்ளித் தசைநாண் பொருந்தியிருப்பவருக்கு நெம்புகோல் விதி கைகொடுக்கிறது. தசை அளவு ஒன்றாக இருந்தாலும் அவரால் கூடுதல் எடை தூக்க முடியும்.

● பிறப்பு நம் கையில் இல்லை. தட்டு நம் கையில் இருக்கிறது. எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வரை தசை வளர உதவும் என்கின்றன ஆய்வுகள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 96 கிராம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

● பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி தந்தார்கள். 1990-ல் வெளியான முடிவு: பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. இருவருக்கு அதன்பின் கைத்தடியே தேவைப்படவில்லை!

● ‘எனக்கு மட்டும் உடம்பு ஏறவே ஏறாது’ என்பவர்களுக்கு நெதர்லாந்திலிருந்து நல்ல சேதி. முதியவர்களின் பயிற்சி முடிவுகளை அலசி 2015-ல் வெளியான ஆய்வு, பலனே பெறாதவர் என்று யாரும் இல்லை என்றது. தசை, வலிமை, நாற்காலியிலிருந்து எழும் வேகம் என ஏதாவது ஒன்றிலாவது எல்லோரும் முன்னேறினார்கள். 12 வாரத்தைவிட 24 வாரத்தில் பலன் பெற்றவர்களும் கூடினார்கள்.

● வாரத்துக்கு 2 நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தூக்கும் எடையையும் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பக்கத்தில் பயிற்சி செய்பவரின் புஜத்தோடு அல்ல, உங்களுடைய போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் உடம்புக்குப் பொருந்தும் அளவுகோல் அது ஒன்றுதான்.